நீ பார்த்த நாடி என்னுடையது

தம்பி,

இதைப் போனில் சொல்லிவிட நான்கு தடவை முயன்றேன். நான்கு தடவையும் நான் "ஒரு விஷயம்பா" என்று ஆரம்பிக்கும் முன்பே, "அம்மா எப்படி இருக்காங்க? அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாய். கொடுத்துவிட்டேன். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. கடைசி வரி வரைக்கும் நான் பேசுவதைத்தான் நீ கேட்டாக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போகத் தஞ்சாவூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டாய். அவளுடைய இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, அப்பாவால் இனிமேல் பார்த்துக்கொள்ள முடியாது, இங்கேயே என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறாய். உன் செல்போனுக்கு வந்த படத்தையும் எண்களையும் வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தாய். அந்தத் துடிப்பு அவளுடையது இல்லை. என்னுடையது. அவள் கையில் நீ கட்டிவிட்டுப்போன கடிகாரத்தை இருபது நாளாகக் காலையில் நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

பதறாதே. முதலிலிருந்து சொல்கிறேன். உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து, நாக்கும் குழறிப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்தாய். ஆள் வைத்து எல்லாம் மாட்டினாய். குளியலறைக் கதவில் ஒரு சின்ன வெள்ளை வில்லை. கதவு திறந்தால் மூடினால் உனக்குத் தெரியும். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அது வேளாவேளைக்கு "அம்மா, மாத்திரை சாப்பிடும் நேரம்" என்று பேசும், நாம் ஏதாவது கேட்டால் பதிலும் சொல்லும். அவள் கையில் கடிகாரம். துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் உனக்குப் போகும், விழுந்தால் அந்த நிமிடமே உனக்கு மணியடிக்கும். கேமராவும் வைக்கிறேன் என்றாய், நான்தான் சண்டை போட்டுத் தடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். நீ ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தொண்டையில் நின்றது. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோமே, இன்னொருத்தன் விழுந்தால் எந்தப் பெட்டி மணியடிக்கும்? கேட்கவில்லை. உடம்பு முடியாமல் கிடக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

பொறாமை எனக்குப் புதிது இல்லை. உனக்குத் தெரியாமல் உன் வயதளவு வளர்ந்த பொறாமை அது. நீ நாலாவது படிக்கும்போது பூதலூர் சந்தையிலிருந்து நான் பலகாரம் பொட்டலம் கட்டி வாங்கி வருவேன், நீ ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "அம்மா, இங்க பாருங்க" என்று உள்ளே ஓடிவிடுவாய். வாங்கி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாய். மேடையில் நிறுத்தி, யாரால் இவ்வளவு படித்தாய் என்று மைக்கைக் கொடுத்தார்கள். "எங்கம்மா" என்றாய். அவள் அப்போது நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நட்டுக்கொண்டிருந்தாள், சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்து உன் நோட்டை எடுத்துப் பார்ப்பாள், அதெல்லாம் சரிதான். ஆனால் கூட்டத்தில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீதான் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாய். வலி இருந்தது வயிற்றில்தான், ஆனால் அது கஷாயத்துக்கு ஆறும் வலி இல்லை. பிறத்தியான் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் பிறந்து, இரண்டு ஏக்கரைச் சொந்தமாக்கி, உன்னை இன்ஜினியரும் ஆக்கிய மனுஷன் பெற்ற பிள்ளையின் ஒரு வார்த்தைக்காக ஏங்குகிறான் என்றால் யாராவது நம்புவார்களா? நம்ப மாட்டார்கள் என்பதாலேயே யாரிடமும் சொல்லவில்லை.

இன்னும் மோசமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நீ தினமும் காலையில் கூப்பிட்டு, "ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கியிருக்கீங்கம்மா, நல்லா இருக்கு" என்று அவளிடம் கொஞ்சும்போது, அந்த நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவளைக் குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டு, கஞ்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது நான். பேச்சு முடிந்ததும் "வச்சிடுறேன்பா" என்று நீ சொல்வது மட்டும்தான் எனக்கு. போதாததற்கு அந்தப் பெட்டி வேறு. நான் பத்து தடவை கெஞ்சினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அது தேன் குழைத்தாற்போல ஒரு தடவை சொன்னால் உடனே வாயைத் திறக்கிறாள். "ஏ புள்ள, நாற்பது வருஷமா கட்டிக்கிட்டவன் சொல்றது ஏறல, நேத்து வந்தவ சொல்றது ஏறுதா?" என்று கேட்டேன். வலது பக்கத்து உதட்டால் சிரித்தாள். கோபத்தில் அந்தப் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்குள்ளிருந்தும் பேசியது.

கடிகாரத்தை முதலில் கட்டியது விளையாட்டாகத்தான். குறுவை நட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. காலையில் அவளைக் குளிப்பாட்டக் கழற்றிய கடிகாரத்தைச் சார்ஜில் போட எடுத்தவன், எப்படி இருக்கும் பார்ப்போம் என்று என் கையில் மாட்டினேன். அப்படியே மடை பார்க்கப் போய்விட்டேன். மேல்வரப்பில் யாரோ மடையை அடைத்துவைத்திருந்தார்கள், ஆத்திரத்தில் வேகமாக நடந்து, குனிந்து மண்ணை வெட்டிப் போட்டேன். நிமிரும்போது சட்டைப் பையில் போன். நீ. "அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு? ஹார்ட் பீட் இவ்வளவு ஏறியிருக்கு, எங்க இருக்காங்க?" உன் குரல் நடுங்கியது. உனக்கு அது தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்சம் நடக்க வச்சேன். இப்ப கண்ணசந்துட்டா" என்றேன். நீ பெருமூச்சு விட்டாய். அந்த நடுக்கமும் அந்தப் பெருமூச்சும் என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்காக வந்தவை. முப்பத்து நான்கு வருஷத்தில் என் நெஞ்சைப் பற்றி நீ கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கள் குடித்தவன் மாதிரி இருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே கட்டினேன். பிறகு தினமும். காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, சார்ஜ் போடுகிறேன் என்று கழற்றுவேன், வாசலைத் தாண்டியதும் கட்டிக்கொள்வேன், திரும்பி வந்ததும் அவள் கையில் மாட்டிவிடுவேன். உண்மையான சார்ஜ் மத்தியானம் அவள் தூங்கும்போது. மூன்றாம் நாளே நீ துள்ளிக் குதித்தாய். "அம்மா மூவாயிரம் அடி நடந்திருக்காங்கப்பா! டாக்டர் ஆறு மாசம் ஆகும்னாரு!" பிசியோதெரபிப் பெண்ணிடமும் சொல்லிவிட்டாய். அந்தப் பெண் வந்து உன் அம்மாவின் இடது காலைத் தூக்கிப் பார்த்தது, அது விட்ட இடத்தில் தொப்பென்று விழுந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது. "காலையிலதான் நல்லா நடப்பா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் கருவியை நான் பார்க்காதவனா? காய்ந்த நெல்லை மேலாகப் பரப்பி, ஈர நெல்லை அடியில் தள்ளி, கருவியை எங்கே குத்துவார்கள் என்று பார்த்து மூட்டையை நிறுத்துகிற ஊர்க்காரன் நான். கருவி பொய் சொல்லாது. அதன் கீழே எதை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். நெல்லுக்குச் செய்ததைப் பெற்ற பிள்ளைக்கும் செய்தேன்.

உன் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு வாபஸ் வாங்க வழி தெரியவில்லை. தவிர, உன் போன் எனக்குப் பழகிவிட்டது. துடிப்பு ஏறினால்தான் என்னைத் தேடி நீ கூப்பிடுவாய் என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வரும் வழியை நீட்டி, வாய்க்கால் கரை ஏறிச் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்து வருவேன். மூச்சு வாங்கும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இரண்டு தட்டுத் தட்டி, ஒன்றை விட்டுவிட்டு, பிறகு மொத்தமாகச் சேர்த்துத் தட்டும். கொஞ்ச நாளாகவே அப்படித்தான், யாரிடம் சொல்ல? நீ கூப்பிட்டால் சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இனிமேல்தான் எழுத வராத இடம். போன செவ்வாய்க்கிழமை காலை. கரையைச் சுற்றிவிட்டேன், நீ கூப்பிடவில்லை. உனக்கு ஏதோ மீட்டிங் போலிருக்கிறது. வீறாப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மாத்திரை நேரம் தாண்டிவிட்டது. நான் வீட்டில் இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன், நான் இல்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. "அம்மா, மாத்திரை சாப்பிடும் நேரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மாத்திரை டப்பா நான் வைத்த அலமாரியில், அவள் கைக்கு எட்டாத தட்டில். பெட்டி சொன்னால் கேட்பவள் அல்லவா, எழுந்துவிட்டாள்.

நான் வாசலில் மண்வெட்டியைச் சாத்தும்போதே உள்ளிருந்து அந்தத் தேன்குரல் கேட்டது. "மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்." கொஞ்சம் பொறுத்து மறுபடி, "மன்னிக்கவும், புரியவில்லை." உன் அம்மா தரையில் கிடந்தாள். இடுப்புக்கு அடியில் இடது கை மடங்கிக் கிடந்தது. பெட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் புரியவில்லை. எனக்கு வாசலிலேயே புரிந்துவிட்டது. "ஏங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், தம்பி. அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடமே உனக்கு மணியடித்திருக்க வேண்டிய கடிகாரம் என் கையில் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள், அது நான்தான்.

அவளைத் தூக்கிக் கட்டிலில் போடுவதற்குள் என் நெஞ்சு உடைந்துவிடும்போல அடித்தது. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். நான் ஏங்கி ஏங்கி இரண்டு சுற்றுச் சுற்றிய அந்தப் போன் அப்போது வந்தது. "அப்பா, அம்மாவுக்குத் துடிப்பு ஒழுங்கில்லாம ஓடுதுன்னு எச்சரிக்கை வருது, என்ன பண்றாங்க?" அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "தூங்குறாப்பா" என்றேன். அவள் இடுப்பிலிருந்த கன்றிய காயத்தைக் கதவு இடித்தது என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். தஞ்சாவூர் டாக்டர் அவளுக்கு நெஞ்சில் ஒயர் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு நல்லா இருக்கே, கடிகாரத்துல ஏன் இப்படி வருது?" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு நீ டிக்கெட் எடுத்தாய். பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டுக் கடைசியில் அவளையே உன்னிடம் கொடுத்துவிட்டு நிற்கப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்றுக் காலை அவளுக்குத் தலை வாரிக்கொண்டே, பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அவள் அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. முன்னால் வந்து பார்த்தால் சிரிக்கிறாள். வலது கையைத் தூக்கி, என் மணிக்கட்டில் கடிகாரப் பட்டை பதிந்த வெள்ளைத் தடத்தைத் தடவினாள். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கி, சொன்னாள்: "மொத நாளே... தெரியும்." பிறகு, "அவன்... உங்களையும்... கூப்புடட்டும்னுதான்."

யோசித்துப் பார்த்தேன். காலையில் காபி குடித்ததும் கையை அவளே நீட்டுவாள். கழற்று என்கிற மாதிரி. சார்ஜ் போடுவதை ஞாபகப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். இருபது நாள் அவள் எனக்கு உன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல்தான் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "கீழ விழுந்தப்பவாவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "உங்கள... திட்டுவான்" என்றாள்.

திட்டு, தம்பி. அதற்கு முன் நான் சொல்வதைச் செய். டிக்கெட்டை ரத்து செய்துவிடு, ஆனால் வெள்ளிக்கிழமை நீ வா. அவளுக்கு இதயத்தில் ஒன்றுமில்லை, எனக்குத்தான் இருக்கிறது. தஞ்சாவூரில் அதே டாக்டரிடம் நான் போய்ப் படுத்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாளும் நீ இங்கே இருந்து அவளைப் பார்த்துக்கொள். இன்னொரு கடிகாரம் வாங்கி வருவதானால் வாங்கி வா, கட்டிக்கொள்கிறேன். நீ கெட்ட பிள்ளை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் மூச்சை எண்ணுகிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒன்று மட்டும் மனதில் வை. படுத்திருப்பவரை விசாரிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு வார்த்தை விசாரி. நாளைக்கு உன் வீட்டிலும் இது வரும்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் எழுதியாக வேண்டும். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும், பெட்டிக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. சரி, எழுதிக்கொள். ரவிக்கை போடும்போது முதலில் இடது கையை நுழைக்க வேண்டும், பிறகுதான் வலது. சோறு குழைவாக இருக்க வேண்டும், ஊட்டும்போது வாயின் வலது பக்கமாக வை, முழுங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடு. "தா" என்று நீட்டினால் தண்ணீர். "தா தா" என்று வெட்டிச் சொன்னால் குளியலறை, உடனே தூக்கு. தலை வாரும்போது இடது காதுக்கு மேலே மெதுவாக வாரு, அங்கே அவளுக்கு வலிக்கும், ஆனால் சொல்ல மாட்டாள். மாத்திரை டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். இதை எழுதும் இந்த நேரத்தில் கடிகாரம் அவள் கையில்தான் இருக்கிறது. இன்றைக்கு உனக்கு நாற்பது அடிதான் காட்டும். அந்த நாற்பதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்த மூவாயிரத்தைவிட இது பெரிது.

அந்த நாட்களில் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவதை நினைத்து எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொறாமையாகத்தான் இருக்கும். இந்த வயதில் அது என்னை விட்டுப் போகாது. அவள் "ஏ" என்று இழுத்தால் என்னைக் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். அப்போது மட்டும் நீயாக எதுவும் சமாதானம் சொல்லாதே. உடனே எனக்குப் போன் போடு. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் நீ கேட்பாய். இத்தனை வருஷம் நான் காத்துக்கொண்டிருந்த கேள்விகள்தான். ஆனாலும் பதில் சொல்ல மாட்டேன். "அம்மாகிட்ட குடுப்பா" என்பேன்.

அப்பா